யூட்டிலிட்டி: சொல்லும் பொருளும் தமிழும்

அரசாணையிலும் தணிக்கை அறிக்கையிலும் 'பப்ளிக் யூட்டிலிட்டி சர்வீஸ்' என்று வரும். இராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டியிலோ சாயல்குடியிலோ இதைத் தெருவில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. 'நல்ல தண்ணி வரல', 'போஸ்ட் லைட்டு எரியல', 'வாய்க்கா அடைச்சிருக்கு' என்பார்கள். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன. எல்லோருக்கும் வேண்டும், ஆளுக்கொன்றாகத் தனியே அமைத்துக்கொள்ள முடியாது. ஊருக்கு ஒரே வலைப்பின்னல்தான் கட்டுப்படியாகும். ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் கிடக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு குழாய் பதித்துப் போட்டிக்கு யாரும் வரப்போவதில்லை. கடை மாற்றுவதுபோல் ஆளை மாற்ற முடியாததால்தான் இவற்றை உள்ளாட்சியும் அரசு வாரியங்களும் கையில் வைத்திருக்கின்றன. அவற்றுக்குத் தனிச் சட்டமும் கட்டண விதியும் இருப்பதற்கும் அதுவே காரணம்.

'யூட்டிலிட்டி'யின் வேர் லத்தீன். 'ஊட்டி' என்றால் பயன்படுத்துதல் (நீலகிரிக்குச் சம்பந்தமில்லை), 'ஊட்டிலிஸ்' என்றால் பயனுள்ள. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லுக்கு முதலில் 'பயன்' என்ற பொருள் மட்டுமே இருந்தது. எரிவாயு, ரயில், குழாய்நீர் என்று ஊரெல்லாம் ஒரே அமைப்பைச் சார்ந்து வாழத் தொடங்கிய பிறகே அந்த அமைப்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பக்கத்துச் சொல்லான 'முனிசிபாலிட்டி'க்குள்ளும் லத்தீன்தான் இருக்கிறது: 'மூனுஸ்' என்பது கடமை, 'கப்பெரே' என்பது ஏற்பது. கடமையை ஏற்றவர்களின் ஊர் என்று பொருள். நம் 'நகராட்சி'யில் ஆட்சி தெரிகிறது, கடமை தெரியவில்லை. ஆனால் 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110-வது பிரிவில், தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர் முதலியவற்றைக் கிராம ஊராட்சியின் கடமை என்றே வைக்கிறது. விருப்பப்பட்டால் செய்யலாம் என்பவை அடுத்த பிரிவில் தனியாக இருக்கின்றன. மனு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

தமிழில் இப்போது அதிகம் புழங்குவது 'பொதுப் பயன்பாட்டுச் சேவை'. சட்ட மொழிபெயர்ப்புகளிலும் நீதிமன்ற அறிவிப்புகளிலும் இதைக் காணலாம். எங்களுக்கு இதில் ஒரு குறை படுகிறது. 'சேவை' வடசொல்; வழிபாட்டையும் தொண்டையும் குறித்தது. (தட்டில் விழுகிற சேவை வேறு கதை.) குழாயில் வரும் தண்ணீரைச் சேவை என்றதும் கொடுப்பவர் தருமவானாகவும் வாங்குபவர் பயனாளியாகவும் ஆகிவிடுகிறார்கள். வரியும் மாதக் கட்டணமும் வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குப் 'பணி' போதும். 'பொதுப்பணி' ஏற்கெனவே அரசுக் கட்டடங்கள் கட்டும் துறைக்குப் போய்விட்டதால், குழப்பம் வராமல் 'பொதுப் பயன்பாட்டுப் பணி' என்று எழுதலாம். 'பொதுநலச் சேவை' என்பதை இந்தப் பொருளில் தவிர்ப்பது நல்லது. அது இரத்ததான முகாமுக்குப் பொருந்தும்.

இந்தக் கரையில் இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது: ஊருணி. ஊர் உண்ணும் நீர்நிலை. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று ஒரு குறளும், அடுத்ததாகவே 'பயன்மரம் உள்ளூர்ப் பழுத்தற்றால்' என்று இன்னொரு குறளும் வருகின்றன. ஊர், பொது, பயன் மூன்றும் அங்கேயே கைகோத்து நிற்கின்றன. நிலத்தடி நீர் உவராகிக் கிடக்கும் இராமநாதபுரத்தில் இன்றும் முகவை ஊரணி என்று பேர் சொல்கிறோம். குடிநீர் ஊருணியில் குளிக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்பதெல்லாம் எழுதாத விதி. பழுது பார்ப்பதற்கு இருந்த பெயர் குடிமராமத்து. 'குடி' தமிழ், 'மராமத்து' அரபியில் பழுதுபார்ப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் சோழர்கால ஏரி வாரியம் பேசப்படுகிறது. 'போர்டு' என்பதற்கு 'வாரியம்' என்ற சொல்லை நாம் அங்கிருந்துதான் மீட்டெடுத்தோம்.

வாரியம் என்றதும் சிக்கலான இடத்துக்கு வந்துவிடுகிறோம். 'குடிநீர் வழங்கல்' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் மூன்று வேலை: ஆக்குதல், கொண்டுவருதல், பங்கிடுதல். மூன்றையும் ஒரே அலுவலகம் செய்வதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் திருச்சிப் பக்கம் நீர் எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவது 1971-ல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்ததும் ஆக்குகிற வேலையில்தான் சேரும். வாரியக் குழாய் ஊரின் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டிவரை வரும். அதன்பின் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும், வால்வு திருப்பித் தெருத்தெருவாக விடுவதும், கட்டணம் வாங்குவதும் ஊராட்சி அல்லது பேரூராட்சி. மோட்டார் ஓட மின்சாரம் வேண்டும். அது மூன்றாவது அலுவலகம். தண்ணீர் வராத அன்றைக்கு ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது இதனால்தான். சம்பில் நீர் இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்த்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். இருந்தால் பழுது ஊருக்குள், இல்லையென்றால் வாரியத்தின் பக்கம்.

இந்தப் பணிகளை மதிப்பிடும்போது வரும் இன்னொரு சொல் 'சர்வீஸ் லெவல் பெஞ்ச்மார்க்'. பெஞ்ச்மார்க் நில அளவைக்காரர்களின் சொல். மட்டம் பார்க்கும் கோலை ஒவ்வொரு தடவையும் அதே உயரத்தில் நிறுத்தக் கல்லில் வெட்டிய அடையாளம். 'பணித்தர அளவுகோல்' என்றால் போதும். ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ல் வெளியிட்ட கையேட்டில் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் நான்குக்குமாக 28 அளவுகோல்கள் உள்ளன. நகரத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். கிராமத்துக்கு 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி 55 லிட்டர். காகிதத்தில் இந்த எண்ணை எட்டுவது சுலபம்: தொட்டியில் ஏறிய நீரை மக்கள்தொகையால் வகுத்துவிடுவார்கள்.

குழாயடியில் நின்று கணக்குப் போட்டால் வேறாகத் தெரியும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 18 குடத்துக்குச் சற்று மேல். ஒரு குடம் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆகிறதென்றால் ஒரு வீட்டுக்கு 27 நிமிடம். இருபது வீட்டுக்கு ஒரு தெருக்குழாய் என்றால் 9 மணி நேரம் தொடர்ந்து வர வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் விடுகிற இடத்தில் 55 லிட்டர் என்று எழுதியிருந்தால் அது தொட்டியின் கணக்கு, வீட்டின் கணக்கு இல்லை. மிச்சத்துக்குக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிறார்கள். அந்தச் செலவு எந்த அளவுகோலிலும் வராது.

கட்டணம் வராமல் போகும் நீருக்கு 'நான் ரெவின்யூ வாட்டர்' என்று பெயர், தமிழில் வருவாயில்லா நீர். 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கையேட்டின் அளவு. மீட்டர் இல்லாத ஊரிலும் இதன் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். இரவில் தொட்டியை நிரப்பி, ஏற்றும் குழாயை மூடி, தெருக்குழாய்களையும் வீட்டு இணைப்புகளையும் அடைத்துவிட்டுப் பங்கீட்டு வால்வை மட்டும் திறந்து வைத்து, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் ஏறக்குறைய 126 லிட்டர். விடியும்போது 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 1,250 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கிறது. வால்வையும் மூடிய பிறகும் நீர்மட்டம் இறங்கினால் ஓட்டை தொட்டியிலேயே. மணல் பூமியில் கசிவு மேலே ஈரமாகத் தெரியாது. அதனால் கடற்கரை ஊர்களுக்கு இந்தச் சோதனை மிக அவசியம்.

உப்புக்காற்று செய்யும் கெடுதல் தனி. இரும்புக் குழாயும் வால்வுத் தண்டும் துருப்பிடித்து இறுகும். மோட்டார் பேனலில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் முனைகள் பூத்துப்போகும். பிளீச்சிங் பவுடர்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்றால் 60 கிராம் வேண்டும்; 33 விழுக்காடு வீரியமுள்ள பவுடரில் அது 180 கிராம். மூட்டை பிரித்துக் கிடந்து, கடல் ஈரத்தில் வீரியம் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டால் 300 கிராம் போட வேண்டியிருக்கும். ஆபரேட்டர் பழைய அளவையே போட்டிருப்பார். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். சரியாக இருந்ததா என்பதைத் தொட்டியடியில் பார்க்காதீர்கள், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், எஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப் கருவியால் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற தெருவில் அதுவும் போதாது. உள்ளழுத்தம் குறைந்ததும் ஓட்டை இணைப்பு வழியாக வாய்க்கால் நீர் உள்ளே வந்துவிடும்.

தெருவிளக்கில் வேலைப் பிரிவு எளிது: பல்பு போனால் உள்ளாட்சி, கம்பி அறுந்தால் மின்வாரிய அலுவலகம். குப்பையில் இராமேஸ்வரத்துக்கு வேறொரு கணக்கு உண்டு. அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுகி ஈரத்துணியைக் கடலிலேயே விட்டுப்போகிறவர்கள் அந்த நகராட்சியின் மக்கள்தொகையில் இல்லை. ஆனால் அந்தத் துணியை அள்ளுவது அந்த நகராட்சிதான். தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும் எந்த அளவுகோலும் கோயில் ஊரில் குறைத்தே காட்டும்.

எழுதும்போது: அமைப்பைச் சொல்லப் 'பொதுப் பயன்பாட்டுப் பணி', மதிப்பீட்டுக்குப் 'பணித்தர அளவுகோல்', கட்டணம் வராமல் போகும் நீருக்கு 'வருவாயில்லா நீர்'. சட்ட மனுவில் மட்டும் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை' என்றே இருக்கட்டும். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 2002-ல் சேர்த்த 22-ஏ பிரிவு மின்சாரம், விளக்கு, நீர், துப்புரவு ஆகியவற்றை அந்தப் பெயரில்தான் சொல்கிறது. வழக்காகப் போகும் முன் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வழி செய்வது அதே சட்டத்தின் 22-சி பிரிவு. அந்த மனுவிலும் சம்ப் வரை நீர் வந்ததா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று தனித்தனியாக எழுதுங்கள். 'தண்ணீர் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் வாரியமும் ஊராட்சியும் மறுபடி ஒருவரையொருவர் கைகாட்டும்.