சேர்விஸ் நெட்டில் விழுந்தால் உண்மையில் என்ன நட்டம்?

அக்காவின் மகள் பாடசாலை அணியில் கரப்பந்தாட்டம் ஆடுகிறாள். கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்த அவளுடைய மட்ச் ஒன்றுக்கு சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் எண்பதுகளில் பாடசாலைக்கு ஆடியவர், அதனால் கதிரையில் உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. இரண்டாவது செட்டில் எங்கள் பிள்ளை ஒருத்தி சேர்விஸை நெட்டுக்குள் அடித்துவிட்டாள், எதிரணிக்கு ஒரு புள்ளி ஏறியது. "என்ன மகன் இது, சும்மா ஒரு பொயின்ட்டைத் தூக்கிக் குடுக்கிறாங்க. எங்கட காலத்துல சேர்விஸ் பிழைச்சா சேர்விஸ் மட்டும்தான் போகும்" என்றார். அதே நேரம் கோட்டுக்கு வெளியே நின்ற கோச், "மெதுவா போடு பிள்ளை, உள்ள விழுந்தா காணும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் நம்புவது ஒரே விஷயத்தை: புள்ளி எண்ணும் முறை மாறியதால் சேர்விஸில் துணிந்து அடிப்பது ஆபத்தாகிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பிழை. (கோச்சின் முடிவு சரியாகக்கூட இருக்கலாம், காரணம்தான் வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

முதலில் பழைய முறை. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக்கில் வில்லியம் மோர்கன் என்ற வை.எம்.சி.ஏ. பயிற்றுநர் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது அதற்கு மின்டோனெட் என்று பெயர் வைத்தார், பெட்மின்டனின் வாடை அதிலேயே அடிக்கிறது. நம்மூருக்கு அது வந்தது 1916இல், கொழும்பு வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்விக்குப் பொறுப்பாக இருந்த ரொபர்ட் வோல்டர் கேமக் மூலம். பிறகு 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டே கரப்பந்தாட்டம் என்று அறிவித்தார்கள், கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில் நாம் அதை மறந்துவிடுவது வேறு கதை. 1917இல் ஒரு செட் 21 புள்ளியிலிருந்து 15க்குக் குறைந்தது. அந்த 15 புள்ளிக் காலம் முழுக்க, சேர்விஸ் போடும் அணி மட்டும்தான் புள்ளி எடுக்க முடியும். எதிரணி ரலியை, அதாவது சேர்விஸ் போட்டதிலிருந்து பந்து செத்துப்போகும்வரை நடக்கும் ஆட்டத்தை, வென்றால் அவர்களுக்குக் கிடைப்பது சேர்விஸ் உரிமை, அவ்வளவுதான்.

இது சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் ஆட்டத்தின் முகத்தையே மாற்றிவிடுகிறது. சமபலமான இரண்டு அணிகள், ஒவ்வொரு ரலியும் காசு சுண்டிப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்விஸ் போடுகிறீர்கள். நூறு தடவையில் ஐம்பது தடவை உடனே உங்களுக்குப் புள்ளி. மற்ற ஐம்பதில் சேர்விஸ் எதிரணிக்குப் போகிறது, அதில் பாதி, அதாவது 25 தடவை, அவர்கள் புள்ளி எடுக்கிறார்கள், மீதி 25 தடவை சேர்விஸ் திரும்ப உங்களிடமே வந்து கதை முதலிலிருந்து தொடங்குகிறது. ஆக 50க்கு 25, மூன்றில் இரண்டு பங்கு அடுத்த புள்ளி உங்களுக்கு. கடைசியாகப் புள்ளி எடுத்தவர்தானே சேர்விஸ் போடுகிறார், அதனால் புள்ளி எடுத்தவருக்கே இன்னொரு புள்ளி சேருகிறது. பழைய ஆட்டக்காரர்கள் "தொடர்ச்சியா எட்டு எடுத்தோம்" என்று கதை சொல்வதில் பாதி இந்தக் கணக்குத்தான், வீரம் மீதிப் பாதி.

அப்புறம் நேரம். நல்ல அணிகள் மோதும்போது சேர்விஸைப் பெறும் பக்கம்தான் ரலியை அதிகம் வெல்லும், ஏனென்றால் முதல் அடியை அடிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு: வந்த பந்தை எடுத்துக் கொடுக்கும் பாஸ், அதை நெட்டருகே உயர்த்திக் கொடுக்கும் செட், ஓங்கி அடிக்கும் ஸ்பைக். அவர்கள் நூற்றுக்கு 65 வெல்கிறார்கள் என்று வையுங்கள், அப்போது பழைய முறையில் 35 ரலியில்தான் புள்ளி விழும். 15க்கு 11 என்று முடியும் ஒரு செட்டுக்கு 26 புள்ளி வேண்டும், அதற்குச் சராசரியாக 74 ரலி. அதுவும் சராசரிதான், மேல் எல்லை என்று ஒன்றுமே கிடையாது. சேர்விஸ் இங்கும் அங்கும் மாறிக்கொண்டே இருக்க, ஸ்கோர் பலகை தூங்கிவிடும். எந்தத் தொலைக்காட்சிக்காரர் இதற்கு நேரம் ஒதுக்குவார்?

அதனால் 1988இல் சர்வதேச சம்மேளனம் ஐந்தாவது செட்டுக்கு மட்டும் ரலிக்கு ஒரு புள்ளி என்று கொண்டுவந்தது, 1998இல் எல்லா செட்டுக்கும் அதுவே என்று தீர்மானித்தது. முதல் நான்கு 25 புள்ளி, ஐந்தாவது 15, இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். இப்போது 24க்கு 24 என்று இழுபடாத எந்த 25 புள்ளி செட்டும் 25 ரலிக்குக் குறையாது, 48க்குக் கூடாது. பெட்மின்டனும் 2006இல் இதே வழிக்கு வந்து 21க்கு மாறியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. புதிய முறையில் புள்ளி எடுத்தவர் சேர்விஸ் போடுகிறார், உயர்தர ஆட்டத்தில் சேர்விஸ் போடுபவர்தான் அந்த ரலியில் பின்தங்கியவர். எனவே புள்ளி ஒருவருக்கு, அடுத்தது மற்றவருக்கு என்று 18-17, 18-18 ஆக நகர்ந்துகொண்டே போகும். பாடசாலை ஆட்டத்தில் அப்படி இல்லை. அங்கே பிள்ளைகளுக்கு சேர்விஸை எடுப்பதே பாடு, பந்து கையில் பட்டு எங்கோ பறக்கும், அதனால் சேர்விஸ் போடுபவருக்குத்தான் சாதகம். நன்றாக சேர்விஸ் போடும் ஒரு பிள்ளை வந்து நின்றால் 9-8 என்று இருந்தது திடீரென்று 16-8 ஆகிவிடும். ஒரே விதி, இரண்டு தரத்தில் இரண்டு விதமான ஆட்டம்.

இனி சித்தப்பாவின் முறைப்பாடு. பழைய முறையில் சேர்விஸ் நெட்டில் விழுந்தால் நட்டம் சேர்விஸ் மட்டும், சரி. ஆனால் மெதுவாகப் போட்ட சேர்விஸை எதிரணி வாங்கி, செட் பண்ணி, நம் தலையில் அடித்தாலும் நட்டம் அதே சேர்விஸ்தானே? புதிய முறையில் முதலாவதற்கும் ஒரு புள்ளி போகிறது, இரண்டாவதற்கும் ஒரு புள்ளி போகிறது. எந்த முறையிலும் ரலியைத் தோற்பது ஒரே விலைதான், நெட்டில் அடித்துத் தோற்றாயா, அழகாக ஆடித் தோற்றாயா என்று ஸ்கோர் பலகை கேட்பதில்லை. ஆக இரண்டு முறையிலும் கேள்வி ஒன்றுதான்: எப்படிப் போட்டால் இந்த ரலியை வெல்லும் வாய்ப்பு கூட?

பலமான அணிக்கு எதிராக மெதுவான சேர்விஸ் போட்டால் நூற்றுக்கு 30 ரலி வெல்கிறீர்கள் என்று வைப்போம். பலமாக அடித்தால் 20 வெளியே போகிறது, உள்ளே விழும் 80இல் எதிரணி தடுமாறி நீங்கள் 45 வீதம் வெல்கிறீர்கள், அதாவது 36. இருபது சேர்விஸைத் தானம் கொடுத்தும் இலாபம்! இனி பாடசாலைக் கோர்ட்டுக்கு வாருங்கள். மெதுவாகப் போட்டாலே 55 ரலி கிடைக்கிறது. பலமாக அடித்தால் 30 பிழைக்கிறது என்றால், மீதி 70இல் குறைந்தது 55ஐ, கிட்டத்தட்ட ஐந்தில் நான்கை, வென்றால்தான் கட்டுப்படியாகும். கோச் சொன்னது இதனால்தான் சரியாகலாம், எதிரே நிற்கும் பிள்ளைகள் சேர்விஸை எடுக்கத் தடுமாறுகிறார்கள் என்பதால். அவர்கள் நன்றாக எடுக்கப் பழகிவிட்டால் அதே புத்திமதி நட்டமாகிவிடும், அதைத்தான் பல கோச்மார் மாற்ற மறக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

லிபரோ வந்ததும் 1998இல்தான். வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கும் அந்த ஆட்டக்காரரால் சேர்விஸ் பெறும் பக்கம் இன்னும் பலமானது. சர்வதேச விதியில் லிபரோ சேர்விஸ் போட முடியாது. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில், சேர்விஸ் முறை ஆட்டக்காரர்களுக்குள் சுழன்று வரும்போது அதில் ஒருவரின் இடத்தில் மட்டும் லிபரோ போடலாம், ஒரு செட்டில் 18 தடவை ஆள் மாற்றவும் விடுகிறார்கள், சர்வதேச ஆட்டத்தில் 6தான். இதில் நான் அமெரிக்கர் பக்கம்: பாடசாலை ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் பந்து தொடக் கிடைக்க வேண்டும்.

செட் எண்ணிக்கையைப் பற்றியும் பெற்றோர் சண்டை பிடிப்பார்கள், மூன்று செட் வைத்தால் நல்ல அணி அநியாயமாகத் தோற்கும் என்று. ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 60 வீதம் உள்ள அணி மூன்று செட் ஆட்டத்தை 65 வீதம் வெல்லும், ஐந்து செட் ஆட்டத்தை 68. மூன்று வீதத்துக்காக வெயிலில் பிள்ளைகளைக் காய வைக்கத் தேவையில்லை. செட்டின் நீளம்தான் கொஞ்சம் கூட வேலை செய்கிறது: ரலிக்கு 55 வீதம் வெல்லும் அணி, 25 புள்ளி செட்டை ஏறக்குறைய 76 வீதம் வெல்லும், 15 புள்ளி செட்டை 71தான்.

இதையெல்லாம் பிளேன்டீயோடு சித்தப்பாவுக்குச் சொன்னேன். நம்பவில்லை. அடுத்த மட்ச்சுக்குப் பேனையும் கொப்பியும் கொண்டு வந்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் மெதுவாகப் போட்டது 38, அதில் வென்றது 23. பலமாக அடித்தது 9, நாலு நெட்டில், மீதி ஐந்தும் புள்ளி. வகுத்துப் பார்த்தால் ஒன்று 61 வீதம், மற்றது 56.

"அப்ப மெதுவாப் போடுறதுதான் சரி" என்றேன்.

"ஒம்பது காணாது மகன்" என்று கொப்பியை மூடினார். "இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும், எண்ணிப் பார்ப்பம்."