வானத்தில் தெரிந்தது என்ன? வகை சொல்லும் முன் கேட்க வேண்டியவை

தொலைநோக்கி வைத்து மக்களுக்கு வானம் காட்டுவது என் வேலை. அதனால் கைபேசியில் எடுத்த படங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே "இது என்ன சார்?" என்று ஒரு வரி. புள்ளியை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. எப்போது, எந்தத் திசையில், நகர்ந்ததா, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தி நேரத்தில், சூரியன் மறைந்த பக்கம், பளிச்சென்று அசையாமல் நின்றதா? அநேகமாக வெள்ளிக் கோள். சில நிமிடங்களில் ஒரே சீராக வானத்தைக் கடந்ததா? செயற்கைக்கோள். இயற்கைப் பொருள்களைப் பற்றிய இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை. ஓரிரு நொடியில் கோடு கிழித்துவிட்டுக் காணாமல் போனதா? எரிநட்சத்திரம்.

தோற்றம் நம்மை எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம், பி.எல். லாசெர்ட்டே என்ற ஒளிப்புள்ளி. 1929-ல் குனோ ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானிய வானியலாளர் அதன் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். மாறொளி விண்மீன் என்று பட்டியலில் சேர்த்தார்கள், பெயரும் அந்த முறையில்தான் வைத்தார்கள். அதிலிருந்து ரேடியோ அலைகள் வருவது 1968-ல் தெரிந்த பிறகுதான் சந்தேகம் வலுத்தது. அது நம் பால்வெளியைச் சேர்ந்ததே அல்ல. சுமார் 90 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் (நம் பால்வெளியைப் போன்ற இன்னொரு கேலக்ஸியின்) நடுப்பகுதி. அங்கே ஒரு பெருங்கருந்துளை சுற்றியுள்ள பொருளை விழுங்கும்போது எழும் வெளிச்சம்தான் விண்மீன் போலத் தெரிந்திருக்கிறது.

மங்கலான திட்டுகளிலும் இதே குழப்பம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வால்மீன் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெசியே, வால்மீன் போலத் தெரிந்து தன்னை ஏமாற்றியவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டார். பிற்காலச் சேர்க்கைகளோடு இன்று அதில் 110 எண்கள் உள்ளன. விண்மீன் கொத்து, வாயு முகில், விண்மீன் மண்டலம் எல்லாம் கலந்து கிடக்கும். அவருடைய தொலைநோக்கியில் பலவும் ஒரே மாதிரிப் புகைத் திட்டுதான். 1864-ல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் இப்படி ஒரு திட்டின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களில் வருவதுபோல் தொடர்ச்சியான நிறப்பட்டை வரவில்லை, தனித்தனிக் கோடுகளே தெரிந்தன. அது ஒளிரும் வாயு என்று அப்போது உறுதியானது. ஆண்ட்ரோமீடா என்ற இன்னொரு திட்டு என்ன என்று தெரிய இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1923-ல் எட்வின் ஹபிள் அதற்குள் ஒரு சீஃபைடு வகை மாறொளி விண்மீனைப் பிடித்தார். அந்த வகையில் ஒளி மாறும் கால அளவிலிருந்து உண்மையான பிரகாசத்தையும், அதிலிருந்து தூரத்தையும் கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டபோது, ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது. அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு.

ஆக, ஒளி எங்கிருந்து வருகிறது, பொருள் எதைச் சுற்றுகிறது, நிறை எவ்வளவு, தூரம் எவ்வளவு என்பதுதான் வகையைத் தீர்மானிக்கிறது. மையத்தில் ஹைட்ரஜனை இணைத்து ஹீலியமாக்கும் அளவுக்கு நிறை இருந்தால் விண்மீன். அதற்கு வியாழனைப் போல் ஏறக்குறைய 80 மடங்கு நிறை வேண்டும். அதற்குக் கீழே, சுமார் 13 மடங்கு வரை உள்ளவை பழுப்புக் குள்ளன்கள், அதாவது விண்மீனாக முடியாமல் போனவை. அளவை வைத்துத் துணைக்கோளைக் கோளிலிருந்து பிரிக்க முடியாது. வியாழனின் நிலவான கனிமீடின் விட்டம் 5,268 கி.மீ., புதன் கோளின் விட்டமோ 4,879 கி.மீ. கனிமீடு வியாழனைச் சுற்றுவதால் நிலவு, அவ்வளவுதான்.

புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து ஏன் தூக்கினார்கள் என்ற கேள்வி வராத கூட்டமே இல்லை. 2006-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் வைத்த நிபந்தனைகள் மூன்று: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தில் தானே ஆதிக்கம் செலுத்த வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. இதில் இவ்வளவு கண்ணீர் தேவையில்லை என்பது என் கருத்து. 1801-ல் கண்டுபிடிக்கப்பட்ட சீரிஸும் சில பத்தாண்டுகள் கோளாக இருந்து, பிறகு சிறுகோளாகி, 2006-ல் புளூட்டோவோடு சேர்ந்து, மூன்றாவது நிபந்தனையில் மட்டும் தோற்றவற்றுக்கான குறுங்கோள் வகைக்குப் போனது. அதற்காக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

உண்மையில் பயத்தையும் வதந்தியையும் கிளப்புவது சின்னச் சின்னப் பொருள்கள்தான். சிறுகோள் பெரும்பாலும் பாறையோ உலோகமோ. வால்மீனில் பனிக்கட்டி அதிகம், சூரியனை நெருங்கும்போது அது ஆவியாகித் தூசியோடு வாலாக நீளும். இந்தக் கோடும் கறாரானதல்ல. 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் ஒரு சிறுகோள், ஆனால் டிசம்பரில் வரும் ஜெமினிட் எரிகல் பொழிவுக்கு அதன் துகள்களே காரணம். சூரியனுக்கு அருகே போகும்போது அதற்குச் சின்ன வால்கூட முளைக்கிறது.

எரிநட்சத்திரம் என்பது, மணல் அளவிலிருந்து கூழாங்கல் அளவு வரையிலான துகள் நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைவதால் வரும் ஒளி. பெரும்பாலும் சுமார் 80 முதல் 100 கி.மீ. உயரத்திலேயே முடிந்துவிடும். எரியாமல் எஞ்சித் தரையில் விழுந்தால்தான் கையில் எடுக்கக்கூடிய விண்கல். அப்படி நினைத்து என்னிடம் கொண்டுவரப்படும் கற்களில் பெரும்பாலானவை இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடு. உள்ளே குமிழி ஓட்டைகள் நிறைய இருந்தால் அநேகமாக விண்கல் இல்லை. காந்தம் ஒட்டுகிறது என்பது மட்டும் போதாது, பூமியின் கற்கள் பலவற்றிலும் ஒட்டும். ஆய்வகத்தில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

"பூமியை நோக்கி வரும் சிறுகோள்" என்று தலைப்பு வந்தால், வாய்ப்பு எத்தனை சதவீதம், எந்தத் தேதிக் கணக்கு என்று பாருங்கள். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032-ல் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3 சதவீதத்தைத் தொட்டது. கூடுதல் அவதானிப்புகள் கிடைத்ததும், சில நாள்களிலேயே அது ஏறக்குறைய பூஜ்யமானது. யாரும் பொய் சொல்லவில்லை. தொடக்கத்தில் பாதை துல்லியமாகத் தெரியாததால் பூமியும் அந்தச் சந்தேக எல்லைக்குள் இருந்தது, தரவு சேரச் சேர வெளியே போய்விட்டது. முதல் எண்ணைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி எண்ணையும் பகிர்ந்தார்கள்?

அப்புறம், கண்ணைப் பறிக்கும் நெருப்புக்கோளம் ஒன்று வானத்தில் தெரிந்தால், நேரம், திசை, எத்தனை நொடி நீடித்தது, பின்னால் சத்தம் கேட்டதா என்பதைக் குறித்துச் சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தில் பதிவு செய்யலாம். பல ஊர்களிலிருந்து குறிப்பு வந்தால் பாதையைக் கணக்கிட முடியும். ஆனால் அதை எழுத உட்காரும் முன் ஜன்னலை விட்டு விலகுங்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே சுமார் 20 மீட்டர் அளவுள்ள சிறுகோள் வெடித்தபோது, வெளிச்சம் முதலில் வந்தது, அதிர்வலை ஓரிரு நிமிடம் கழித்தே வந்தது. இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பலர் கண்ணாடி ஜன்னலருகே போய் நின்றார்கள். காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது சிதறிய கண்ணாடிதான்.