வாய்தா: சொல்லும் பொருளும்

கொலையோ வன்கொடுமையோ நடந்த வீட்டின் கதையைச் சொல்லும் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா காலையிலிருந்து நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பார். வழக்கைக் கூப்பிடுவார்கள், நீதிபதி ஒரு தேதியைச் சொல்வார், அவ்வளவுதான். வெளியே வந்ததும், "என்னாச்சு?" என்று யாராவது கேட்டால், "வாய்தா போட்டுட்டாங்க" என்பார்.

வாய் + தா என்று பிரித்து, 'வாக்குக் கொடு' எனப் பொருள் சொல்லத் தோன்றும். பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் இது தமிழ்ச்சொல் இல்லை. வாக்குறுதி என்னும் பொருளுள்ள அரபு வேரிலிருந்து பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்தது. இந்தியில் காதலர்கள் சொல்லும் 'வாதா'வுக்கும் இதே வேர்தான். கொடுத்த வாக்கை நிறைவேற்ற ஒரு நாள் குறிக்க வேண்டுமே! அப்படித்தான் வாக்குறுதி கெடுவாக மாறியது. மராத்தியில் 'வாய்தா' என்றால் காலக்கெடு. பின்னால் தரப்போகும் பொருளுக்கு இப்போதே விலை பேசும் முன்பேர வணிகத்தையும் இந்தியில் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் வரி கட்டும் தவணைக்கும் இந்தச் சொல் இருந்தது. வக்கீல், ஜாமீன், அமீனா, பைசல் எல்லாம் இதே வழியில் வந்து நம் நீதிமன்றங்களில் தங்கிவிட்டவை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஒத்திவைப்பு' என்று பலரும் எழுதுகிறோம். அது பாதிதான் சரி. ஏனென்றால் வாய்தாவுக்கு இரண்டு பொருள் உண்டு. "வாய்தா வாங்கிட்டார்" என்றால் வழக்கைத் தள்ளிப்போடுவது. அங்கே ஒத்திவைப்பு பொருந்தும். "இன்னைக்கு வாய்தா" என்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாள். அதற்கு 'விசாரணை நாள்' அல்லது 'தவணை நாள்' என்பதே சரி. நாளைக் குறித்த சொல்லே நாளைக் கடத்துவதற்கும் பெயரானதில், அலைந்தவர்களின் அனுபவம் அப்படியே பதிந்திருப்பதாக நினைக்கிறேன். ஒத்திவைப்பைக் குறிக்கும் அட்ஜர்ன்மென்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் பழைய பிரெஞ்சு மொழியின் 'நாள்' இருக்கிறது.

சட்டம் வாய்தாவைத் தாராளமாக விடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு, ஒரு தரப்பின் கைமீறிய சூழ்நிலையில்கூட இரண்டு முறைக்கு மேல் ஒத்திவைக்கக் கூடாது என்கிறது. எதிர்த்தரப்பின் மறுப்பைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். வக்கீலுக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருக்கிறது என்பது காரணமே ஆகாது.

படங்களுக்குத் தமிழில் வசனமோ துணையுரையோ (சப்டைட்டில்) எழுதுகிறவர்கள், நீதிபதியின் வாயில் 'ஒத்திவைக்கிறேன்' என்று போடலாம். அந்த அம்மா மட்டும் "அடுத்த வாய்தா எப்போ?" என்றே கேட்கட்டும். தமிழாக்கியே தீர வேண்டுமென்றால் 'அடுத்த விசாரணை எப்போது?' என்று எழுதுங்கள். 'அடுத்த ஒத்திவைப்பு எப்போது?' என்று எழுதினால், அவர் கேட்காத ஒன்றைக் கேட்டதாகிவிடும்.