“தரமான ஆய்வு” அல்ல, பண்புசார் ஆய்வு

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் பேட்டி எடுக்க ஒரு ஒப்புதல் படிவம். போன வாரம் மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. முதல் வரி: “நீங்கள் ஒரு தரமான ஆய்வில் பங்கேற்க அழைக்கப்படுகிறீர்கள்.” மூலத்தில் இருந்தது குவாலிடேட்டிவ் ரிசர்ச். எத்தனை பேர் என்று எண்ணாமல், மக்களின் அனுபவம் எப்படிப்பட்டது என்று கேட்டறியும் ஆய்வு அது. மூன்று ஆண்டுகளாக இதே சொல்லை அடித்துத் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

ஒப்புதல் கேட்கிற தாளில், ஆய்வு செய்பவரே தம் ஆய்வைத் தரமானது என்று சொல்லிக்கொள்ளலாமா? படிக்கிற நோயாளி “நல்ல ஆய்வு போலிருக்கிறது” என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். அந்த நம்பிக்கையை உண்டாக்கியது ஒரு தவறான மொழிபெயர்ப்பு. இது வெறும் சொற்பிழை இல்லை.

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் ‘குவாலிஸ்’ என்றால் எப்படிப்பட்டது. ‘குவாண்டுஸ்’ என்றால் எவ்வளவு. பிளேட்டோ கையாண்ட ஒரு கிரேக்கச் சொல்லை லத்தீனில் சொல்வதற்காக, குவாலிஸிலிருந்து ‘குவாலிடாஸ்’ என்ற சொல்லைச் சிசரோ ஆக்கினார். அதுவும் ஒரு கலைச்சொல்லாக்கம்தான். அதன் வழியில் வந்த ஆங்கிலக் ‘குவாலிட்டி’க்கு ‘உயர்வு’ என்ற பொருளும் ஏறிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழில் தரம் என்றாலே மேல், கீழ் என்ற வரிசைதான். நெல்லைத் தரம் பிரிக்கிறோம். மட்டமான பேச்சை மூன்றாந்தரம் என்கிறோம். இலங்கையில் பிள்ளைகள் படிக்கும் வகுப்பே தரம் 5, தரம் 10. அதோடு ‘ஆன’ சேர்ந்துவிட்டால் அது பாராட்டு. வேறு பொருளே கிடையாது. “சரி, தரம்சார் ஆய்வு என்று வைத்துக்கொள்வோமே” என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். அப்போதும் கேட்பவர் காதில் விழுவது தரக் கட்டுப்பாடுதான். ‘தரவியல்’ இன்னும் மோசம். தரவு பற்றிய இயல் என்று நினைக்கத் தோன்றும்.

மருத்துவச் சான்றுகளைத் திரட்டும் மீளாய்வுகளில் இந்தக் குழப்பம் முற்றிப்போகிறது. அங்கே தரம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதுபற்றி வெளிவந்த ஆய்வுகளை வகுத்த நெறிப்படி தேடி, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது என்று எடைபோட்டு, பிறகு தொகுப்பார்கள். அந்த எடைபோடுதல்தான் தர மதிப்பீடு. இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள், நான் திருத்திய ஒரு கையேட்டில் இருந்தது: “தரமான ஆய்வுகளின் தரத்தை மதிப்பிட்டு, தரம் குறைந்த தரமான ஆய்வுகளை நீக்க வேண்டும்.” இதைப் படித்து ஒரு செவிலியர் என்ன புரிந்துகொள்வார்? பயிற்சியில் அவருக்குக் கொடுத்த தாள் அது.

எவ்வளவு என்ற கேள்விக்கு இப்படி நெறிப்படி தொகுக்கும் ஒழுங்குமுறை மீளாய்வுகள் நெடுங்காலமாகப் பதில் சொல்லி வருகின்றன. இந்த மீளாய்வுகளை வெளியிடுவதற்காக 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் பெயரும் அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் காசநோய் மாத்திரையை எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று எண்ணிவிட்டால், ஏன் விட்டார்கள் என்பது தெரிந்துவிடுமா? 2007-இல் வெளியான ஒரு மீளாய்வு, நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரின் அனுபவங்களைப் பேசும் 44 கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தது. வறுமை, பக்கவிளைவு, குடும்பத்தின் துணை, ஊர் வாய்க்கு அஞ்சுவது, உடம்பு தேறிவிட்டதே என்ற எண்ணம் எல்லாம் அதில் வந்தன. அனுபவங்களைத் திரட்டும் இந்த வகை மீளாய்வைக் காக்ரேன் முதன்முதலாக வெளியிட்டது 2013-இல்தான். அது மருத்துவத் தொழிற்கல்வி பெறாத சமூக சுகாதாரப் பணியாளர்கள் பற்றியது. இப்படிக் கிடைக்கும் முடிவுகளை எந்த அளவு நம்பலாம் என்று சொல்லும் முறையில் உயர்ந்த, நடுத்தர, குறைந்த, மிகக் குறைந்த என நான்கு படிகள். அங்கேயும் ‘தரம்’ வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனியுங்கள். ஆய்வு வகையின் பெயரிலும் அதையே வைத்தால் வாசிப்பவர் எதைப் பிடிப்பார், எதை விடுவார்?

பண்பு என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்குப் பண்பறி பகுப்பாய்வு, அதாவது குவாலிடேட்டிவ் அனாலிசிஸ், மறந்திருக்காது. சோதனைக் குழாயில் உப்புக் கரைசல். பெரசு சல்பேட் சேர்த்து, அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் சுவரை ஒட்டி மெல்ல விடுவோம். பழுப்பு வளையம் தோன்றினால் நைட்ரேட். அந்த உப்பு நல்லதா மட்டமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எத்தனை கிராம் என்றும் கேட்கவில்லை. இது என்ன என்பதுதான் கேள்வி. இதே சொல்லை மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள் எட்டிக்கூடப் பார்க்காதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பக்கத்து வகுப்பறைப் பாடநூலைப் புரட்டியிருந்தால் போதும்.

பண்பான மனிதர் என்கிறோமே, அதுவும் பாராட்டுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பண்புப்பெயர், பண்புத்தொகை என்று இலக்கண வகுப்பில் படித்தபோது கருமையும் கசப்பும் பண்பாகத்தான் இருந்தன. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொல்காப்பியம் பண்புத்தொகையைச் சொல்லும்போது வண்ணம், வடிவு, சுவையோடு அளவையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால் பண்பையும் அளவையும் எதிரெதிரே நிறுத்துவது சரியா? இலக்கணத்தில் சரியில்லை. ஆய்வு முறைகளின் பெயராக, ‘பண்புசார்’, ‘அளவுசார்’ என்று அடுத்தடுத்து வைக்கும்போது குழப்பம் வருவதில்லை. ‘குணம்சார்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மருத்துவத்தில் குணம் என்றால் நோய் நீங்குவது. அதை அங்கே கொண்டுபோய் வைக்கவே கூடாது.

அந்தப் படிவத்தில் பண்புசார் ஆய்வு என்றுகூட நான் எழுதவில்லை. மருந்து வாங்க வந்து வரிசையில் நிற்பவருக்குக் கலைச்சொல் எதற்கு? “மாத்திரை சாப்பிட்ட நாட்கள் உங்களுக்கு எப்படி இருந்தன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்” என்று மாற்றி அனுப்பினேன்.