பகுதிவாரிச் சார்பு

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்; பதினோராம் வகுப்பு. ‘பீஸ்வைஸ் ஃபங்ஷன்’ என்று அவன் உரக்கப் படித்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் பாட்டி, “ஃபங்ஷன்னா விசேஷம்தானே? கணக்குல எதுக்கு வருது?” என்றார். நல்ல கேள்வி.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. செய்து முடித்தல், கடமையாற்றல் என்று பொருள்படும் லத்தீன் சொல் ‘ஃபங்க்டியோ’. அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ், 1673இல். தமிழ் வேறு வழியில் போனது. ஒன்றின் மதிப்பு இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது, ஆகவே சார்பு. 359ஆம் குறள் ‘சார்புணர்ந்து’ என்று தொடங்குகிறது. சொல் அவ்வளவு பழையது. லத்தீனைவிட இது விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது என்பேன்.

‘பீஸ்வைஸ்’ என்பதைச் சிலர் ‘துண்டுவாரி’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சார்பு துண்டாவதில்லை. உள்ளீடுகளின் கணமான (தொகுப்பான) சார்பகத்தைத்தான் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி வைக்கிறோம். ஆகவே பகுதிவாரிச் சார்பு. ‘வாரி’ இந்துஸ்தானி வழி வந்த ஒட்டு. இங்கே தினமும் காதில் விழும் ‘ஜில்லாவார்’தான் நம் ‘மாவட்டவாரி’. முழுத் தமிழ் வேண்டுமென்றால் ‘பகுதிதோறும் வரையறுத்த சார்பு’ எனலாம்.

பையன் தடுமாறியது மதிப்புக் காண்பதில். வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துவரச் சொன்னேன். நிலைக் கட்டணம், மேல்வரிகள் நீங்கலாக, முதல் 200 யூனிட்டுக்குத் தலா 3 ரூபாய். அதற்கு மேல் 400 வரை தலா 4.50. யூனிட்டை அ என்றும் கட்டணத்தை க(அ) என்றும் கொண்டால்:

அ ≤ 200 எனில், க(அ) = 3அ
200 < அ ≤ 400 எனில், க(அ) = 600 + 4.5(அ − 200)

க(300) எவ்வளவு? அவன் 300ஐ இரண்டு வரியிலும் போட்டான். 900, 1050 என்று வந்தது. கூட்டி 1950 என்று எழுதினான். ரசீதில் இரண்டு அடுக்குகளையும் கூட்டியிருக்கிறார்களே என்பது அவன் வாதம். தவறு புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் முதல் அடுக்கின் 600 இரண்டாம் விதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முதலில் நிபந்தனையைப் பார்க்க வேண்டும்: 300 எந்தப் பகுதியில் விழுகிறது? இரண்டாவதில். அந்த விதி மட்டும் போதும்: 1050.

எல்லைப் புள்ளியில் சமக்குறியைத் தேட வேண்டும். 200 முதல் வரிக்குச் சொந்தம், விடை 600. இரண்டாம் விதியில் போட்டாலும் 600தான் வரும். வரைபடத்தில் கோடு அறுபடாமல் தொடர்கிறது. எப்போதும் இப்படி அமையாது. தில்லி அரசின் மானியம் 200 யூனிட் வரை முழுவதும், 201 முதல் 400 வரை பாதி, அதிகபட்சம் 800 ரூபாய். மேற்சொன்ன கணக்கில் 200க்குக் கட்ட வேண்டியது பூஜ்யம், 201க்கு 604.50இல் பாதி, 302.25.

“அதான் மாசக் கடைசியில ஏ.சி.யை அணைக்கச் சொல்றேன்” என்றார் பாட்டி.