அந்த மலைப்பாம்பு எப்போது வில்லனானது?

"சின்ன வயசுல நீ என்னப்பா கார்ட்டூன் பார்ப்ப?" என்று மகள் கேட்டாள். மௌக்லி என்றேன். கதையைச் சொல் என்றதும் மாட்டிக்கொண்டேன். 1993-ல் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. மிஞ்சியிருந்தவை மூன்றே துண்டுகள்: காட்டில் வளரும் பையன், அவன் வீசும் பூமராங், கண்ணைச் சுழற்றி ஆளை மயக்கி விழுங்கப் பார்க்கும் மலைப்பாம்பு.

சரி, பார்த்துவிடுவோம் என்று தேடி எடுத்துப் போட்டோம். எங்கள் தெருவுக்கு அது 'இந்திக் கார்ட்டூன்'. உண்மையில் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் தயாரித்து, 1989 அக்டோபரிலிருந்து ஓராண்டு டிவி டோக்கியோவில் ஓடிய 52 பகுதி அனிமே. அதுகூடப் பரவாயில்லை. 'கா' என்ற அந்த மலைப்பாம்பு நல்லவர்! மௌக்லிக்கு உதவி செய்கிற பெரியவர்.

அப்படியானால் என் தலைக்குள் இருந்த வில்லன் யார்? யோசித்தபோது பிடிபட்டது. இதே மௌக்லி கதையை வைத்து 1967-ல் டிஸ்னி எடுத்த 'ஜங்கிள் புக்' படத்தில்தான் கா கண்ணைச் சுழற்றும். அதைச் சில வருடம் கழித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு பாம்பும் ஒரே புற்றுக்குள் போய்விட்டன.

இதில் மூளையின் தவறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் வேலை முறையே அப்படித்தான். 'என்ன பார்த்தோம்' என்பது தங்குகிற அளவுக்கு, 'எங்கே பார்த்தோம்' என்பது தங்குவதில்லை. வாராவாரம் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்த பகுதிகளின் சாரம் மட்டும் நிற்கிறது, விவரம் உதிர்கிறது. பிறகு நினைக்கும்போது, அந்தச் சாரத்தின் மேல் கையில் கிடைத்ததை வைத்துப் பூசிக் கட்டிக்கொள்கிறோம். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-லேயே இதைக் காட்டினார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சீல் வேட்டைக்குப் போனவர்கள் அவர்கள் வாயில் மீன்பிடிக்கப் போனவர்கள் ஆனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். போகிமான் கார்ட்டூனில் வரும் பிகாச்சுவின் வால் நுனி என்ன நிறம்? கறுப்பு என்றுதான் பலர் அடித்துச் சொல்வார்கள். கறுப்பு இருப்பது காது நுனியில். வால் நுனி மஞ்சள்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தீபஸ்ரீ பிரசாத்தும் வில்மா பெயின்பிரிட்ஜும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பலர் ஒன்றுபோலத் தவறாக நினைவில் வைத்திருந்த உருவங்களில் பிகாச்சுவும் ஒன்று. 'சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள்' என்ற சுலபமான விளக்கம் அவர்கள் சோதனையில் நிற்கவில்லை.

இவ்வளவு ஓட்டையான தலைதான் இன்னொரு பக்கம் அசத்துகிறது. படம் ஓட ஓட, "இப்போ அந்தப் பக்கத்திலிருந்து புலி வரும்" என்று நானே சொன்னேன், வந்தது. ஒன்றைத் தானாக எடுத்துச் சொல்வது வேறு, எதிரே வந்ததும் அடையாளம் காண்பது வேறு. உளவியலாளர் லயனல் ஸ்டாண்டிங் 1973-ல் ஆட்களுக்கு 10,000 படங்களை ஐந்து நாளில், ஒவ்வொன்றும் ஐந்து விநாடி வீதம் காட்டினார். பிறகு பார்த்த படம் ஒன்றையும் பார்க்காத படம் ஒன்றையும் சேர்த்துக் காட்டிக் கேட்டால், 83 சதவீதம் சரியான விடை. சாவி கிடைத்தால் பெட்டி திறக்கிறது. ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு மீதியை எழுப்பும் அந்த வேலையில், மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் திறந்த பெட்டி பழையபடி மூடுமா என்பதுதான் சிக்கல். மூளை ஆய்வாளர் கரீம் நாடெரின் குழு 2000-ல் எலிகளிடம் ஒன்றைக் கண்டது. ஒரு சத்தத்தைக் கேட்டால் பயப்படப் பழக்கிய எலிகளுக்கு அதை மறுபடி நினைவூட்டி, உடனே மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில், நினைவு உறையத் தேவையான புதுப் புரதம் உருவாவதை மருந்து கொடுத்துத் தடுத்தார்கள். பயம் போய்விட்டது. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் போகவில்லை. உறைந்துவிட்டதாக நினைத்த நினைவு, எடுக்கும்போது இளகி, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விவாதம் ஓயவில்லை. என் அனுபவத்தில், நாலு பகுதி பார்த்த பிறகு பழைய துண்டுகளை நினைத்தால் புதிதாகப் பார்த்த காட்சிகள்தான் முந்திக்கொண்டு வருகின்றன. பார்க்காமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் தோன்றியது.

பாட்டு மட்டும் அசையவில்லை. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அந்த முகப்புப் பாட்டின் மெட்டு தொடங்கியதும் வாய் தானாகப் பாடியது. மெட்டும் தாளமும் ஒவ்வொரு அசைக்கும் அடுத்த அசையை எடுத்துக் கொடுப்பதால், அர்த்தம் தெரியாமலே பாட்டு நிற்கும். அதில் 'சட்டி' என்று ஒரு சொல் வரும், பக்கத்திலேயே பூ பூப்பதும் வரும். பூச்சட்டியில் பூ பூத்திருக்கிறது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இந்தியில் அந்தச் சொல்லுக்கு ஜட்டி என்று பொருளாம். ஜட்டி போட்டுக்கொண்டு பூத்த பூ, அதாவது மௌக்லி!

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதும் அந்த வரியைப் பாடினால் எனக்குத் தெரிவது மண்சட்டிதான்.