குப்பைத்தொட்டிக்குப் போன பிளாஸ்டிக்குக்கு என்ன ஆகிறது?

காலியான தண்ணீர் பாட்டிலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். அதன் மூடியையும் போடுங்கள். பாட்டில் துண்டுகள் அடியில் போய் உட்காரும். மூடி மிதக்கும். இரண்டும் பிளாஸ்டிக்தான், ஆனால் ஒரே பொருள் அல்ல. பாட்டில் செய்யப்படுவது பெட் எனப்படும் பாலியெத்திலீன் டெரெப்தாலேட்டால். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 1.38 மடங்கு. மூடி பாலிப்ரொப்பிலீனாகவோ பாலித்தீனாகவோ இருக்கும். இவை இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. மறுசுழற்சி ஆலைகளும் இந்த வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகின்றன. அரைத்த சில்லுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதைத் தனியாகவும் மூழ்குவதைத் தனியாகவும் எடுக்கிறார்கள்.

வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் சிலவற்றை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். சிலவற்றை ஒன்றுமே செய்ய முடியாது. ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டாலோ, நல்லதும் கெட்டுவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது சங்கிலி அமைப்பு. எத்திலீன் என்ற சிறிய மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் உண்டு. அப்படி ஆயிரக்கணக்கான எத்திலீன் மூலக்கூறுகளைக் கைகோத்து நிற்க வைத்தால் கிடைப்பது பாலித்தீன். இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் சொன்னபோது சக வேதியியலாளர்கள் பலர் நம்பவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடையில், 1933-இல், இங்கிலாந்தில் ஓர் ஆய்வகத்தில் எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வேறொரு சோதனைக்கு உட்படுத்தியபோது, கலத்துக்குள் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. தற்செயலாகப் பிறந்த அந்தப் பொருள்தான் பாலித்தீன்.

சங்கிலி நீளமாக இருப்பதால்தான் பிளாஸ்டிக்குக்குப் பலம் கிடைக்கிறது. நீளமான நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் பிரித்து எடுப்பது கடினம். அதே நூல்களைத் துண்டுதுண்டாக வெட்டிவிட்டால் கையோடு உதிர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக்கிலும் அப்படியே. சங்கிலி நீளம் குறையக் குறையப் பலமும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுசுழற்சியின் சிக்கலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, மண்ணில் போட்டால் ஏன் மட்குவதில்லை? காய்ந்த இலையில் இருக்கும் செல்லுலோஸும் நீண்ட சங்கிலிதான். ஆனால் அதை வெட்டும் நொதிகளை நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாக்கிக்கொண்டுவிட்டன. பாலித்தீன் உலகத்துக்கு வந்து நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அதன் கார்பன்-கார்பன் பிணைப்பில் நொதி கத்தி வைப்பதற்குத் தோதான இடமும் இல்லை. 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெட் பிளாஸ்டிக்கை உணவாக்கிக்கொள்ளும் இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பெட்டின் சங்கிலியில் எஸ்டர் என்ற பிணைப்பு இருப்பதால்தான் அது முடிந்தது. அப்போதும்கூட, மூலக்கூறுகள் ஒழுங்கின்றி அமைந்த மெல்லிய படலத்தைச் சிதைக்கவே அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. பாட்டிலில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அது இன்னும் கடினம். அந்த நொதிகளை மேம்படுத்தும் ஆய்வுகள் தொடர்கின்றன, வரவேற்கிறேன். ஆனால் நம் வீட்டிலிருந்து இன்று வெளியேறும் பையைத் தின்பதற்கு வெளியே ஒரு பாக்டீரியா காத்திருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெயில் மட்டும் கொஞ்சம் வேலை செய்யும். புற ஊதாக் கதிர்கள் பட்டால் ஆக்சிஜன் சங்கிலியில் ஏறிக்கொண்டு அங்கங்கே அறுக்கும். மொட்டை மாடியில் கிடந்த வாளியைத் தூக்கினால் விளிம்பு கையோடு பொடிந்து வருவது இதனால்தான். பொடிந்தது மறைந்துவிடவில்லை. 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்களை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். ஆழ்கடல் வண்டலிலும் துருவப் பனியிலும் அவை கிடைத்திருக்கின்றன. ஒரு பை மட்க இத்தனை நூறு ஆண்டுகள் ஆகும் என்று அடிக்கடி படிக்கிறோம். அவையெல்லாம் கணிப்புகள். அவ்வளவு காலம் இருந்து அளந்து பார்க்கும் அளவுக்குப் பிளாஸ்டிக்குக்கு இன்னும் வயதாகவில்லை.

இனி மறுசுழற்சிக்கு வருவோம். 2017-இல் வெளியான ஒரு விரிவான கணக்கீட்டின்படி, 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையாகிவிட்டது சுமார் 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம்தான். 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ இயற்கையிலோ கிடக்கிறது. இதற்கு மக்களின் சோம்பேறித்தனத்தை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அந்தப் பொருளின் இயல்பிலேயே தடைகள் இருக்கின்றன.

நவீன ஆலையில் குப்பை ஒரு பட்டையின் மேல் வேகமாக ஓடும். மேலிருந்து அகச்சிவப்பு ஒளி விழும். ஒவ்வொரு வகைப் பிளாஸ்டிக்கும் அந்த ஒளியை ஒவ்வொரு விதமாகப் பிரதிபலிக்கும். உணரி அதைப் படித்து வகையைக் கண்டுபிடித்ததும், சரியான நொடியில் காற்றுக்குழாய் ஊதி அந்தப் பொருளை அதற்குரிய தொட்டிக்குத் தள்ளிவிடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் கறுப்பு பிளாஸ்டிக்கில் நிறத்துக்காகக் கரித்தூள் சேர்ப்பதால் அது ஒளியை விழுங்கிவிடுகிறது. உணரிக்கு ஒன்றுமே தெரியாது. கறுப்பு உணவு டப்பாக்கள் பல குப்பைமேட்டுக்குப் போவதற்கு இது ஒரு காரணம். மிகச் சிறிய துண்டுகள் சல்லடையில் விழுந்துவிடும். மெல்லிய பைகளோ சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும், ஆட்கள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டியிருக்கும். அதனால் பாட்டில்களைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு மறுசுழற்சிக்குத் தராதீர்கள். தனித்தனியாகப் போட்டாலே போதும்.

பிரித்த பிறகு அரைத்து, கழுவி, உலர்த்தி, உருக்குகிறார்கள். பெட்டை உருக்கச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் பிவிசி என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கின் துண்டுகள் கொஞ்சம் கலந்திருந்தாலும் அந்தச் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். அது பெட்டின் சங்கிலிகளை அறுக்கும். சரியாக உலராத ஈரமும் அதே வேலையைச் செய்யும். எல்லாம் சரியாக நடந்தாலும், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் குட்டையாகிறது. அதனால்தான் பல பாட்டில்கள் மறுபடி பாட்டில் ஆகாமல் துணியிழையாகவோ கம்பளமாகவோ ஆகின்றன. அதற்கு அடுத்த பிறவி பெரும்பாலும் இல்லை. இதை மறுசுழற்சி என்பதைவிடத் தரமிறக்கம் என்பதே பொருத்தம். பெட்டைத் திரும்ப மூலப்பொருளாகப் பிரித்துக் கட்டும் வேதிமுறைகளும் உண்டு. அவற்றுக்குச் செலவும் ஆற்றலும் அதிகம்.

பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த முறை அது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று உறுதி கொடுக்கவில்லை. பொதுவாக 1, 2 எண்களுக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், 5-க்கும் சில இடங்களில் உண்டு. மற்றவற்றுக்கு வாய்ப்பு குறைவு. ஆகாததையும் ஒரு நம்பிக்கையில் மறுசுழற்சித் தொட்டியில் போடுவது நல்ல மனத்தோடு செய்யும் கெடுதல். அது நல்ல சரக்கையும் கெடுத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குள்ள டப்பாவை, பாத்திரம் அலம்பிய தண்ணீரிலேயே ஒருமுறை அலசி உலரவைத்துப் போடுவது உண்மையிலேயே பயன் தரும் பழக்கம்.

நடைமுறையில் மீட்கவே முடியாதவை பளபளக்கும் சின்ன உறைகள். ஒரு உறையில் ஈரத்தைத் தடுக்க ஓர் அடுக்கு, ஆக்சிஜனைத் தடுக்க அலுமினிய அடுக்கு, சூட்டில் ஒட்டிக்கொள்ள இன்னோர் அடுக்கு என்று தலைமுடியைவிட அதிகத் தடிமன் இல்லாத இடத்தில் மூன்று நான்கு பொருள்கள் ஒட்டியிருக்கும். பிரிப்பது மிகக் கடினம். அப்புறம் ஒரு எளிய கணக்கும் இருக்கிறது. ஒரு லிட்டர் ஷாம்பூவை ஒரே கலத்தில் அடைப்பதற்குப் பதில், அதே வடிவமுள்ள 100 சிறிய கலங்களில் அடைத்தால் மொத்த மேற்பரப்பு சுமார் 4.6 மடங்காகும். கொள்ளளவு குறையும் வேகத்தில் மேற்பரப்பு குறைவதில்லை என்பதுதான் விஷயம். பெரிய கலமாக வாங்குவது, அதையே மறுபடி நிரப்பிக்கொள்வது இரண்டும் வடிவியல் அடிப்படையிலேயே லாபம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பசுமையாக வாழ முடிவெடுத்த உற்சாகத்தில் வீட்டிலுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களை வீசிவிட்டு எல்லாவற்றையும் கண்ணாடியிலும் எஃகிலும் புதிதாக வாங்கிவிடாதீர்கள். பருத்திப் பையைத் தயாரிக்க நீரும் நிலமும் ஆற்றலும் நிறையத் தேவை. 2011-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பையை வெல்ல ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. கடலில் சேரும் குப்பை அந்தக் கணக்கில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் செய்தி தெளிவாக இருக்கிறது: ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பையே நல்ல பை. அது கிழியும்வரை அதையே எடுத்துப் போங்கள். பழைய டப்பாவும் அப்படித்தான். அதில் உணவைச் சூடாக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள், சூடு ஏறும்போது துகள்களும் சேர்மானங்களும் அதிகமாக வெளியேறும். பிறகு அது உலர்பொருள் வைக்க உதவட்டும்.

‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று எழுதியிருப்பதையும் கவனித்துப் படியுங்கள். தாவர மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ போன்றவை முறையாகச் சிதைய 60 டிகிரிக்கு நெருக்கமான சூடு உள்ள தொழிற்கூட உரக்குவியல் தேவை. தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு நிலைப்பதில்லை. செயற்கை இழைத் துணிகளும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்தான். ஒவ்வொரு சலவையிலும் இழைத்துகள்கள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. இயந்திரத்தை நிறைய நிரப்பி, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் துவைத்தால் உதிர்வு குறையும்.

இவ்வளவும் ஒரு வீட்டுக்குள் நடப்பது. அடுத்த வீடு எப்படி மாறும்? அறிவுரையால் பெரும்பாலும் மாறாது என்றே ஆய்வுகள் சொல்கின்றன. 2008-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், விடுதி அறைகளில் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லி இரண்டு விதமான அட்டைகள் வைத்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டையைப் பார்த்தவர்களில் சுமார் 35 சதவீதம் பேர் ஒத்துழைத்தார்கள். இங்கே தங்குபவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்ற அட்டைக்கு 44 சதவீதம். தன்னைப் போன்றவர்கள் செய்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் அசைகிறார். ஆகவே உங்கள் துணிப்பையை எல்லோரும் பார்க்கும்படி கையில் எடுத்துப் போங்கள். யாரும் செய்வதில்லையே என்று வெளியே புலம்பாதீர்கள். அந்தப் பேச்சு, செய்யாமல் இருப்பதுதான் வழக்கம் என்ற எண்ணத்தைப் பரப்பிவிடும். புதிதாகத் தொடங்குபவர் பத்து நாளில் மறந்துபோனாலும் குற்றம் சொல்ல வேண்டாம். பழக்கம் எப்படிப் படிகிறது என்று அளந்த லண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு செயல் தன்னிச்சையாக நடக்க நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது.

இதையும்விட வலுவானது, யாரும் யோசிக்காமலே நடக்கும்படி ஏற்பாட்டை மாற்றுவது. அயர்லாந்து 2002-இல் பிளாஸ்டிக் பைக்குச் சிறிய கட்டணம் விதித்ததும் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. சீனாவில் ஓர் உணவு விநியோகச் செயலியில் ‘கரண்டி, முள்கரண்டி வேண்டாம்’ என்பது தானாகவே தேர்வாகியிருக்கும்படி மாற்றி, வேண்டுமென்பவர் மட்டும் கேட்டுப் பெறும்படி வைத்தார்கள். வேண்டாம் என்று வந்த ஆர்டர்களின் பங்கு 648 சதவீதம் கூடியதாக 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. எவருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. கேட்டால்தான் கிடைக்கும் என்ற மாற்றமும், வேண்டாம் என்றவர்களுக்குப் பரிசாகச் சில ‘பசுமைப் புள்ளிகளும்’தான். அலுவலகக் கூட்டத்தில் மேசைதோறும் தண்ணீர் பாட்டில் வைக்காமல் ஓரமாக ஒரு நிரப்பும் கலமும் கழுவிய டம்ளர்களும் வைக்கலாம். கடைக்காரரிடம், பை கேட்டால் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். நீங்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் எந்த இடமானாலும் இதை நாளைக்கே முன்மொழியலாம்.